அளவு ஜாக்கெட் இல்லாத வேலை

போன இதழில் வந்த என் பேட்டியில், “நாவல் எழுதுவது ஜாக்கெட் தைக்கிற மாதிரிதான்” என்று பேச்சுவாக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். யோசித்து யோசித்துச் சொன்ன மற்ற பதில்களை ஒருவரும் சீண்டவில்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் இவ்வளவு கடிதங்கள். ஆசிரியர் கட்டைத் தூக்கி என் மேஜைமேல் வைத்து, “நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிச்சு விடுங்க” என்று சொல்லிவிட்டார். சரி, முடிந்தவரை சொல்கிறேன்.

பேட்டிக்காகச் சொன்னதா, நிஜமாகவே தைத்திருக்கிறீர்களா?
*(பள்ளி ஆசிரியை, தேனி)*

நிஜமாகவே தைத்திருக்கிறேன், டீச்சர். 14 வயதில் ஆரம்பித்து 30 வரைக்கும். அதில் கடைசி 9 வருஷம் வீட்டு முன்னறையில் ‘லேடீஸ் டைலர்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு.

அப்பாவுக்கு மதுரை புதுமண்டபத்தில் ஒரு மெஷின் இருந்தது. கடை என்று சொன்னால் பெரிய வார்த்தை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. உள்ளே நுழைந்தால் கல் தூண்கள், தூணுக்குத் தூண் சிற்பங்கள், அவற்றின் காலடியில் வரிசையாகத் தையல் மெஷின்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து சிலையைப் பார்ப்பார்கள். நாங்கள் குனிந்து தையலைப் பார்ப்போம். எங்கள் மெஷின் ஒரு யாளிக்குக் கீழே. தூணில் ஆணி அடிக்க முடியாதே, அதனால் யாளியின் பல்லில்தான் அப்பாவின் இஞ்ச் டேப் தொங்கும். இப்போது கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். யாளியின் வாய்க்கு ஓய்வு.

பங்குனி பிறந்துவிட்டால் வீட்டில் சோறு பொங்குகிற நேரம் மாறிவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிறபோது தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர்களுக்கு உடுப்பு தைக்க வேண்டும். சிவப்பு, பச்சை வெல்வெட்டில் கால்சட்டை, மேல்சட்டை, ஓரத்துக்கு ஜரிகை. வெல்வெட்டைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் பூனை முதுகை மாற்றித் தடவினதுபோல முரண்டும். உடுப்பின் எல்லாத் துண்டையும் ஒரே வாக்கில் வெட்ட வேண்டும். எனக்கு அது தெரியாது. இரண்டாவது காலைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு வெட்டினால் அரை மீட்டர் மிச்சமாகிறது என்று கண்டுபிடித்துப் பெருமையாக வெட்டிவிட்டேன். தைத்தும் ஆயிற்று. அப்பா திட்டவில்லை. கால்சட்டையை யாளியின் பல்லில் மாட்டிவிட்டு, நாலு தூண் தள்ளிப் போய் நின்று பார்க்கச் சொன்னார். ஒரு கால் புது ரத்தம், ஒரு கால் காய்ந்த ரத்தம். ஒரே துணி, இரண்டு நிறம்.

“அரை மீட்டரு மிச்சம் பண்ணிட்ட தாயி. மூணு மீட்டரு போச்சு.”

என் இரண்டாவது நாவலின் முன்பாதியை எழுதி வைத்துவிட்டு, அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சலில் 7 மாதம் தொடவே இல்லை. திரும்ப வந்து பின்பாதியை விறுவிறுவென்று எழுதி முடித்தேன். அதே ஊர், அதே ஆட்கள், அதே மதுரைப் பேச்சு. ஆனால் மொத்தமாக அச்செடுத்துப் படித்தபோது நடுவில் நிறம் மாறியது. முன்பாதியில் அந்தப் பெண் எதையும் சொல்லாமல் மழுப்புகிறவள். பின்பாதியில் எல்லாவற்றையும் விளக்குகிறாள். ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் ஒரு குறையும் கிடையாது, நாலு தூண் தள்ளி நின்றால்தான் தெரியும். 60 பக்கத்தைப் புதுத்துணி எடுத்து வெட்டினேன்.

பேட்டியில் அந்த வரியைச் சொன்னபோது என் மனதில் இருந்தது இந்தக் கால்சட்டைதான். அது ஜாக்கெட்டே இல்லை, பாருங்கள். அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

எழுதுவதற்கு மூடு வர என்ன செய்வீர்கள்?
*(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)*

உட்காருவேன்.

கொஞ்சம் பெரிதாகச் சொல்ல வேண்டும் என்றால், இங்கிலாந்தில் அந்தோணி டிராலப் என்று ஒருவர். தபால் இலாகாவில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். அவரை எழுப்பிவிடுவதற்கென்றே வீட்டு வேலைக்காரர் ஒருவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு 15 நிமிஷத்துக்கு 250 சொல் என்று கணக்குப் போட்டு எழுதியவர். அவர் இறந்த மறு வருஷம், 1883-ல், சுயசரிதை வெளிவந்தது. புத்தகம் எழுத மிகவும் உதவுவது நாற்காலியில் தடவிய செருப்புத் தைக்கிறவரின் மெழுகுதான் என்று யாரோ தனக்குச் சொன்னதாகவும், உள்ளெழுச்சியை நம்புவதைவிட அந்த மெழுகைத் தான் அதிகம் நம்புவதாகவும் அதில் எழுதியிருக்கிறார். ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போகும் அல்லவா, அதற்கு. இதைப் படித்து, ‘அட, இவர் கணக்குப்பிள்ளை போலிருக்கிறதே’ என்று முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர்.

மெழுகு என்றதும் எனக்கு நினைவு வருவது வேறு. அம்மாவும் நானும் வீட்டில் காஜா எடுப்போம். கடைகளிலிருந்து சட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து, பட்டன் துளையைச் சுற்றிக் கையால் நெருக்கமாகத் தைத்துக்கொடுக்கும் வேலை. நூலை அப்படியே கோத்தால் பத்தாவது இழுப்பில் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். அதனால் ஒரு மெழுகுவத்தித் துண்டில் நூலை இரண்டு தடவை இழுத்துக்கொள்வோம். ஒரு சட்டைக்கு முன்பக்கம் ஆறேழு காஜா. மூடு வந்தால் எடுக்கலாம் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தையே எங்கள் வீட்டில் கிடையாது. சினிமா பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுதும்போது காபியா, டீயா?
*(வாசகர், காரைக்குடி)*

டீ. மேஜைக்கு வெளியே. துணி பக்கத்தில் டம்ளர் வைத்தால் அப்பாவிடம் கொட்டு விழும், பழக்கம் போகவில்லை.

பனியன் கம்பெனியில் 11 வருஷமாக ஓவர்லாக் டைலராக இருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து உங்கள் பேட்டியைப் படித்தேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கதை எழுதுகிறவர்களுக்கு எங்கள் வேலை உவமையா? எங்கள் முதுகுவலி உங்களுக்கு அலங்காரமா?
*(வாசகர், திருப்பூர். 5 பக்கக் கடிதத்தின் சுருக்கம்)*

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. நானும் மெஷின் மிதித்தவள்தானே என்று. இடது ஆள்காட்டி விரல் நகத்தில் இன்றைக்கும் ஒரு மேடு இருக்கிறது, ஊசி ஏறி இறங்கிய இடம். அதைப் பார்த்துக்கொண்டே உங்களுக்குச் சூடாக ஒரு பதில் எழுதினேன். இரண்டாம் நாள் கிழித்துப் போட்டேன்.

ஏனென்றால், நான் மெஷினை விட்டு 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. விட்டவள் சொல்கிற உவமை வேறு, மிதிக்கிறவர் கேட்கிற உவமை வேறு. எழுத்து கடைசியில் தச்சு வேலைதான், இரண்டுமே கடினமான வேலை என்று கொலம்பிய நாவலாசிரியர் மார்க்வெஸ் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே பேட்டியில், தான் தச்சு வேலை செய்ததே இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். அவரிடம் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வாக்கியம். நாவலாசிரியர்கள் தச்சரோடும் கொத்தனாரோடும் டைலரோடும் தங்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். “மேஜை செய்யறது நாவல் எழுதற மாதிரிங்க” என்று எந்தத் தச்சராவது சொல்லி நான் கேட்டதில்லை. உவமை ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. உங்கள் எரிச்சல் அதில்தான் என்று நினைக்கிறேன், நியாயமான எரிச்சல்.

இன்னொன்று. ஒரு நாவலுக்காக உங்கள் ஊரில் ஒரு கம்பெனிக்குள் இரண்டு நாள் நின்று பார்த்திருக்கிறேன். வரிசையாகப் பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள். ஒருவர் தோள் மட்டும் அடிக்கிறார். அடுத்தவர் கை மட்டும். அதற்கடுத்தவர் கழுத்துப் பட்டி மட்டும். பக்கத்தில் கைமடி வேலைக்கு நிற்கிற பெண் பீஸை எடுத்து அடுக்கி அடுத்த டேபிளுக்குத் தள்ளுகிறாள். மாலை வரை நின்றேன். ஒரு முழு பனியனை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தவர்கள் செக்கிங்கில் இருந்தவர்கள் மட்டும்தான். என் அப்பா அளவெடுத்து, வெட்டி, தைத்து, காஜா எடுக்கக் கொடுத்து, கடைசியில் அதைப் போட்டுக்கொண்டு ஆள் நடந்து போவதையும் பார்த்தார். என் உவமை அவருடைய வேலைக்குத்தான் பொருந்தும், உங்கள் வேலைக்கு அல்ல. அதைப் பேட்டியில் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கூலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 3 வருஷம் எழுதிய நாவலுக்கு வருகிற ராயல்டியை மணிக்கணக்காக வகுத்தால் கைமடிச் சம்பளம்கூட வராது. ஆனால் அதைச் சொல்லிப் புலம்பினால் நீங்கள் இன்னும் 5 பக்கம் எழுதுவீர்கள். என் வாக்கியம் ரிஜெக்ட் ஆனால் யாரும் பிடித்தம் செய்வதில்லை, அவ்வளவுதான்.

உவமையாக எடுத்துக்கொள்ளாமல், வேலையிலிருந்தே நேராக எழுத வந்தவர்கள் உண்டு. விந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். இடவலமாகத் திரும்பியிருக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுத்தவர் கதையை அடுக்கியவர், அப்புறம் தன் கதையை எழுதினார். உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: “ரிஜெக்ட் ஆன பீஸை விரித்துப் பார்த்தாலே அது யார் கை என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்.” கம்பெனிக்குள் இரண்டு நாள் நின்ற எனக்கு அந்த வரி கிடைக்கவில்லை. நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களே எழுதுங்கள்.

தையல்காரர் மகள் என்பதால் கேட்கிறேன். ‘நூல்’ என்ற சொல்லிலேயே உங்கள் உவமை இருக்கிறதே, கவனித்தீர்களா?
*(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)*

கவனிக்காமல் இருப்பேனா ஐயா? பவணந்தி முனிவர் நன்னூலில் இதை உருவகமாகவே பிரித்து வைத்துவிட்டாரே. சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன் நூற்கிற பெண், வாய் அவள் கை, அறிவு நூல் நூற்கிற கதிர். பஞ்சு முதல் கதிர் வரை ஒன்றையும் விடவில்லை. ஆக, நான் பேட்டியில் புதிதாக எதையும் உளறிவிடவில்லை, பழைய உளறல்தான்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் நூற்பதோடு நிறுத்திக்கொண்டார். நூலைத் துணியாக்கி, துணியை வெட்டி, வெட்டியதைச் சேர்த்து, ஒருவர் உடம்பில் போட்டுப் பார்க்கிற வரைக்கும் வரவில்லை. இலக்கணத்துக்கு அது போதும். நாவலுக்குப் போதாது.

அதற்கடுத்த பாட்டும் கைவேலைதான். “மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்” என்று தச்சர் நூலைச் சொல்லி, அதுபோல மனிதரின் மனக்கோட்டத்தைப் படிக்கிற நூல் தீர்க்கும் என்கிறார். கோட்டம் என்றால் வளைவு. எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருந்தார். நூலைக் காவிக் குழம்பில் தோய்த்து, மரத்தின் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. மரத்தில் சிவப்பாக ஒரு நேர்கோடு விழும். கோட்டம் எங்கே என்று அந்தக் கோடு காட்டும். தீர்ப்பது என்னவோ வாய்ச்சியும் இழைப்புளியும்தான். நூல் மனக்கோட்டத்தைத் தீர்க்கும் என்கிற இடத்தில் ‘காட்டும்’ என்று படித்துக்கொள்கிறேன். உரையாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

எத்தனை தடவை திருத்துவீர்கள்?
*(வாசகி, புதுச்சேரி)*

எண்ணுவதில்லை. ஆனால் எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று பார்ப்பேன்.

தையல் பிரிக்க நாங்கள் பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியை வைத்துக்கொள்வோம். பருத்தி என்றால் கவலை இல்லை. பிரித்துவிட்டுத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் ஊசித் துளை மூடிக்கொள்ளும். பட்டு அப்படி அல்ல. பிரித்த இடத்தில் வரிசையாகப் புள்ளிகள் நிற்கும், சாகும்வரை போகாது. அதனால் பட்டை முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பார்ப்போம், துளை விழுந்தாலும் வெளியே தெரியாத இடத்தில், உள்ளே மடிகிற துணியில். அது சரியாக இருந்தால்தான் மெஷினுக்குப் போகும்.

என் மூன்றாவது நாவலில் ஒரு அத்தை இருந்தாள். கணவனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டில் வந்து தங்கியவள். 9 அத்தியாயத்தில் வந்துபோவாள். எழுதி முடித்தபின் அவள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறாள் என்று தோன்றியது. பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். புத்தகக் காட்சியில் ஒரு அம்மா புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். வாங்கிவிட்டு, “ஒண்ணு கேக்கணும்மா. அந்த வீட்ல நாலு பேருதானே? காலையில ஏன் அஞ்சு டம்ளர்ல காபி ஊத்துறாங்க?” என்றார்.

அடுத்த பதிப்பில் நாலாக மாற்றிவிடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் அங்கே இருந்தவள்தானே.

முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த எழுத்தாளரைப் போலவே வருகிறது. தவறா?
*(பொறியியல் படித்தவர், ஈரோடு)*

தவறு என்ன இருக்கிறது? எங்களிடம் துணி கொண்டுவருகிற எல்லோரும் பையில் ஒரு அளவு ஜாக்கெட்டும் சேர்த்துத்தான் கொண்டுவருவார்கள். “இதே மாதிரி தைங்க.” அதைப் பிரிக்காமல் மடித்துப்போட்டு, துணிமேல் வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒருமுறை ஒரு அக்கா கொண்டுவந்த அளவு ஜாக்கெட், வேறொரு டைலர் அவருடைய கல்யாணத்துக்குத் தைத்தது. அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகள். ஜாக்கெட் அற்புதமான தையல், நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப் பட்டியில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் அது எதிரே நிற்கிற அக்காவுக்கு ஆகாது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? “எதுக்கும் ஒரு தடவை அளந்துக்கிறேங்க்கா” என்று டேப்பை எடுத்தேன். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். உங்கள் எழுத்தாளரின் தையலைத் திருப்பிப் பாருங்கள், எங்கே மடித்திருக்கிறார், எங்கே பிசிறு தெரியாமல் உள்ளே தள்ளியிருக்கிறார் என்று பாருங்கள். அளவை மட்டும் எடுக்காதீர்கள்.

சொல்லும்போதே எனக்கு உறுத்துகிறது. அளந்துகொள்ளச் சொல்கிறேன், யாரை அளப்பீர்கள்? தையலில் உடம்பு முதலில் வந்து நிற்கிறது, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறது. நாவலில் சட்டையைத் தைத்துக்கொண்டே போக, அதற்குள்ளே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கிறது. பாதி தைத்தபின் தோள் அகலமாகிவிட்டது தெரியவரும். என் உவமை இந்த இடத்தில் கிழிந்துவிடுகிறது. தையலின் பழக்கம் எனக்கு எல்லாவற்றுக்கும் உதவியிருக்கிறது, இது ஒன்றுக்கு மட்டும் உதவவே இல்லை. இதில் நானும் உங்களைப் போலத்தான், ஒவ்வொரு நாவலுக்கும் புதிதாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு தெரிந்துகொண்டுதான் ஆரம்பிப்பீர்களா?
*(வாசகர், சேலம்)*

தெரியாது. அதனால் உள்ளே துணி விட்டு வைப்பேன். பக்கத் தையலில் ஒரு இஞ்ச் உள்ளே விட்டால் நாளைக்கு உடம்பு பூசினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கல்யாணப் பெண் என்றால் அப்பா இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடச் சொல்வார், காரணம் சொல்ல மாட்டார். என் இரண்டாவது நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தம்பி பம்பாய்க்கு ரயில் ஏறுவான். எதற்கென்று எனக்கே தெரியாது, சும்மா விட்டுவைத்த துணி. 22-ம் அத்தியாயத்தில் கதை இறுக்கிப் பிடித்தபோது அவனைத்தான் பிரித்துவிட்டேன். அளவுக்கு மேல் விட்டால் உள்ளே மொத்தையாக உறுத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் என்ன படித்தீர்கள்?
*(மாணவர், சிவகங்கை)*

பேப்பர் கட்டிங். அப்பா கழுத்துக்கும் கைக்கும் பழைய தினசரியில் மாதிரி வெட்டி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் சிறுகதை வரும். கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், கைக்கு வெட்டிய வளைவில் சட்டென்று நின்றுவிடும். அடுத்த பத்தியில் வரிகளின் வால் மட்டும் இருக்கும்: ‘...என்றாள் அழுதபடி’, ‘...கதவைச் சாத்தினான்’. யார் அழுதாள், ஏன் சாத்தினான் என்று காஜா எடுத்துக்கொண்டே நான் நிரப்பிக்கொள்வேன். பின்னாளில் ஒரு நூலகத்தில் பழைய தாள்களில் ஒரு கதையைத் தேடிப் பிடித்து முழுதாகப் படித்தேன். என்னுடையது நன்றாக இருந்தது.

4 வருஷமாக ஒரு நாவல் எழுதுகிறேன். கடைசி இரண்டு அத்தியாயம் மட்டும் நகரவே இல்லை. என்ன செய்ய?
*(இல்லத்தரசி, மயிலாடுதுறை)*

தீபாவளிக்கு முந்தின ராத்திரி என் முன்னறையைப் பார்த்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். முப்பது, நாற்பது ஜாக்கெட் தைத்து முடித்து மலைபோலக் கிடக்கும். ஒன்றுக்கும் கொக்கி இருக்காது. வெட்டுவது சுகம், மெஷினில் ஓட்டுவது அதைவிடச் சுகம். கொக்கி வைப்பதற்குத்தான் ஒருவருக்கும் கை வராது. சின்ன வேலை, பெயர் கிடைக்காத வேலை, கண் எரிகிற வேலை. அம்மா மட்டும் விளக்கடியில் உட்கார்ந்து வைத்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு வருஷம் முகூர்த்த ஜாக்கெட் ஒன்றைக் கொக்கி வைக்காமலே மடித்துக் கொடுத்துவிட்டேன். கவனக்குறைவுதான். மணமேடையில் அந்தப் பெண் ஊக்குக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா 6 மாதம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் யார் துணி கொடுத்தாலும் தேதியை என் நோட்டில் எழுதாமல் அவர்கள் கையிலிருக்கும் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். தேதி நம்மிடம் இருந்தால் தள்ளிப்போகும். அவர்களிடம் இருந்தால் வாசலில் வந்து நிற்பார்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் கொக்கிதான் மிச்சம். தெருவில் வாய் ஓயாத ஒருவரிடம் தேதி சொல்லிவையுங்கள்.

கம்ப்யூட்டரே நாவல் எழுதுகிறதாமே, பயமாக இல்லையா?
*(வாசகர், சென்னை)*

ரெடிமேட் வந்தபோது புதுமண்டபத்தில் இதே கேள்வியைக் கேட்டார்கள். சட்டை தைக்க வருகிறவர்கள் குறைந்தார்கள், நிஜம். வாங்கின ரெடிமேடைத் தூக்கிக்கொண்டு, “கை நீளமா இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க” என்று வருகிறவர்கள் கூடினார்கள். ஆல்ட்டர் வேலையில் கூலி குறைவு, கடுப்பு அதிகம். எங்களுக்கும் அதுதான் வாய்க்கும்போல.

இப்போதும் தைப்பதுண்டா?
*(வாசகி, கோவை)*

மெஷின் இல்லை, கைத்தையல் மட்டும். பேத்தியின் யூனிஃபார்ம் ஓரம் அவிழ்ந்தால் மடித்து அடிப்பேன், பட்டன் வைப்பேன். தைக்கக் கை வருகிறது, ஊசியில் நூல் கோக்கத்தான் கண் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, ஏழு ஊசியில் நூல் கோத்து, தினசரிக் காலண்டர் அட்டையின் ஓரத்தில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுப் போவான். கறுப்பு மூன்று, வெள்ளை மூன்று, நீலம் ஒன்று. இன்று புதன்கிழமை. கறுப்பு இரண்டும் நீலமும்தான் மிச்சம் இருக்கின்றன.